முடக்குவாதம் தொண்டையையும் தொடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் முடக்குவாதம் குறித்து அண்மையில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். விரல், மணிக்கட்டு, முழங்கால், பாதம் என்று எல்லாம் சொன்ன அக்கட்டுரை கண் உலர்வதையும் நுரையீரல் பாதிப்பையும்கூட மறக்கவில்லை. தொண்டையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. 14 ஆண்டுகளாக இந்நோயோடு காலந்தள்ளுபவளும், 27 ஆண்டுகள் குரலை நம்பியே வகுப்பறையில் நின்றவளுமான எனக்கு அது சிறிய விடுபடலாகத் தோன்றவில்லை.

தொண்டைக்குள் மூட்டு இருக்கிறது என்றால் சிரிப்பார்கள்; நானும் சிரித்தவள்தான். குரல்வளையின் பின்புறத்தில், மோதிரம் போன்ற ஒரு குருத்தெலும்பின் மேல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு குருத்தெலும்புகள் அமர்ந்திருக்கின்றன. மூச்சு இழுக்கும்போது குரல்நாண்களை விலக்கி வழிவிடுவதும், பேசும்போது அவற்றை ஒன்றுசேர்ப்பதும் இவற்றின் அசைவினால்தான். அவை அமர்ந்திருக்கும் இடம், விரல் மூட்டைப் போலவே உள்ளே மென்சவ்வும் வழுவழுப்பான நீரும் கொண்ட மூட்டு. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுச் சவ்வையே பகையென்று தாக்குவதுதான் முடக்குவாதம் என்னும்போது, இந்தச் சின்னஞ்சிறு மூட்டை மட்டும் அது ஏன் விட்டுவைக்கப் போகிறது?

எனக்கு அது வருகைப் பதிவேட்டில்தான் முதலில் தெரிந்தது. காலையில் பெயர்களை வாசிக்கத் தொடங்கினால் பத்தாவது பெயருக்குள் குரல் கம்மிவிடும். மூன்றாம் பாடவேளைக்குள் ஓரளவு திறந்துகொள்ளும். சாக்பீஸ் பிடிக்கும் விரல்களும் அதே நேரத்தில்தான் இளகும் என்பதை நான் இணைத்துப் பார்க்கவே இல்லை. விழுங்கும்போது ஏதோ பருக்கை சிக்கியது போலிருக்கும். வலி காதுக்கு ஏறும். குரல்வளைக்கும் காதின் ஒரு பகுதிக்கும் செல்லும் கிளைகள் ஒரே நரம்பிலிருந்து பிரிகின்றன என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதற்குள் காதுக்குச் சொட்டு மருந்து, பல்லுக்கு எக்ஸ்ரே, மிளகுப் பால், அதிமதுரம் எல்லாம் முடிந்திருந்தன. நான் சென்ற ஒரு மருத்துவமனையில், “டீச்சர் தொண்டைதானே, அப்படித்தான் இருக்கும்” என்று ஆன்டிபயாடிக் எழுதித் தந்தே பத்து மாதங்களை ஓட்டிவிட்டார்கள்.

கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் மூக்கு வழியே மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தித் திரையில் காட்டினார். வலப்பக்க நாண் சட்டென்று அசைய, இடப்பக்கத்தில் அந்தச் சிறு குருத்தெலும்பின் மேல் சிவந்து வீங்கி, நாண் தயங்கித் தயங்கி நகர்ந்தது. அவர் என் விரல்களைப் பார்த்துவிட்டு உடனே வாதநோய் மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். மருந்தின் அளவு மாற்றப்பட்டது. சில வாரங்கள் ஸ்டீராய்டும், குரலுக்கு ஓய்வும் பயிற்சியும் தரப்பட்டன. பேச்சு திரும்பியது. செய்யுளை ராகத்தோடு சொல்லும் மேல்குரல் மட்டும் திரும்பவில்லை.

முடக்குவாதக்காரர்களின் குரல் கம்முவதற்கு இது ஒன்றே காரணமென்று நான் சொல்லவில்லை. குரல்நாணிலேயே சிறு முடிச்சுகள் தோன்றலாம். எச்சில் சுரப்பு வற்றித் தொண்டை காயலாம். வலி மாத்திரைகளால் வயிறு கெட்டு அமிலம் மேலேறலாம். இந்நோய்க்குத் தொடர்பே இல்லாத புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆகவே மூன்று நான்கு வாரங்களில் கம்மல் தெளியாவிட்டால் குரல்வளையை நேரில் பார்த்துவிட வேண்டும். இதற்கு மாறாக, குரல் தெளிவாக இருப்பதைக் கண்டு ஏமாறுவதும் உண்டு. இரண்டு பக்க மூட்டுகளும் இறுகி, நாண்கள் நடுவில் ஒட்டினாற்போல் நின்றுவிட்டால் பேச்சு நன்றாகவே வரும், மூச்சுக்குத்தான் வழியிருக்காது. அந்நிலையில் சாதாரணச் சளி வீக்கம்கூட, மூச்சு இழுக்கும்போது இரைச்சல் எழுந்து, கழுத்தில் துளையிட்டு உயிரைக் காக்க வேண்டிய கட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.

இன்னொன்று அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர்களுக்கு. முழங்கால் மாற்றும்போது என் கோப்பைப் புரட்டிய மயக்க மருத்துவர், வாயை எவ்வளவு திறக்க முடிகிறது என்று அளந்தார். கழுத்தை முன்னும் பின்னும் சாய்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இந்நோயில் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கிடையே பிடிமானம் தளர்ந்திருக்கலாம் என்பதால், மூச்சுக்காகத் தொண்டை வழியே குழாய் செலுத்தத் தலையைச் சாய்ப்பதே ஆபத்தாக முடியும். குரல்வளை மூட்டு வீங்கியிருந்தால் வழக்கமான குழாய் நுழையாமல் போகலாம். நுழைந்தாலும் எடுத்தபின் வீக்கம் கூடும். அவர் கேட்டிராவிட்டால், தொண்டைக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானாகச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

மாதாந்தரப் பரிசோதனையில் விரல்களை அழுத்திப் பார்க்கும் மருத்துவர்கள், “குரல் எப்படி இருக்கிறது, விழுங்க வலிக்கிறதா” என்று கூடவே கேட்பதற்கு அரை நிமிடம் போதும். தங்கள் மருத்துவப் பக்கத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதுபற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தஞ்சாவூர்.