முதியோர் இல்ல ரெஜிஸ்டரை கம்ப்யூட்டருக்கு மாத்துங்க

சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்க பெரியம்மா படுத்த படுக்கையா ஒரு முதியோர் இல்லத்துல இருக்காங்க. படுக்கைப்புண் வரக்கூடாதுன்னு 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைக்கணும், வச்சுட்டு தலைமாட்டுல தொங்குற சார்ட்டுல டிக் போடணும். மத்தியானம் நான் போனப்ப சாயங்காலம் 6 மணி வரைக்கும் டிக் போட்டு முடிச்சிருந்துச்சு. அங்க வேல பாக்குற பொண்ண நான் குத்தம் சொல்லல, அவ்ளோ பேர ஒருத்தியே பாக்குறா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க சார்ட் நிரம்பியிருக்கான்னுதான் பாப்பாங்கன்னு அவளுக்கும் தெரியும்.

கட்டில்ல ஒரு க்யூஆர் கோடு ஒட்டி, திருப்பினதும் போன்ல ஸ்கேன் பண்ணச் சொன்னா நேரம் தானா பதிவாகும், முன்கூட்டியே டிக் போட முடியாது. பதிவு விட்டுப்போச்சுன்னா அந்தப் பொண்ணுக்கு மெமோ குடுக்காதீங்க, அந்த ஷிஃப்ட்ல எத்தன பேர் இருந்தாங்கன்னு ஓனர கேளுங்க. அமெரிக்காவுல 2016லருந்து நர்சிங் ஹோம்காரங்க எந்த நாள்ல யார் எத்தன மணி நேரம் வேல பாத்தாங்கன்னு சம்பளக் கணக்குலருந்தே எடுத்து 3 மாசத்துக்கு ஒரு தடவ அரசாங்கத்துக்கு அனுப்பணும், அத யார் வேணா ஆன்லைன்ல பாக்கலாம், சனி ஞாயிறுல ஆள் குறையுறது அதுல பச்சையா தெரியுது. அங்கயும் எல்லாம் சரியாயிடல, ஆனா ஆள் இருந்தாங்கன்னு சும்மா எழுதி வைக்கிறது கஷ்டமாயிடுச்சு.

2023 பிப்ரவரில விழுப்புரம் குண்டலப்புலியூர் ஆசிரம விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ள சேத்தவர காணோம்னு ஹைகோர்ட் வரைக்கும் போன பிறகுதான் அதிகாரிங்க உள்ள போனாங்க, 140 பேருக்கு மேல மீட்டாங்க, கேஸ் சிபிசிஐடிக்கு போச்சு. ஒருத்தர சேக்குறப்பவே போட்டோவோட உங்க சர்வர்ல ஏறணும்ங்க, வேற ஹோமுக்கு மாத்தினாலும் இறந்துபோனாலும் அன்னைக்கே ஏறணும், குடும்பத்துக்கு எஸ்எம்எஸ் போகணும். யாருமே இல்லாதவங்களுக்கு அந்த எஸ்எம்எஸ் உங்க மாவட்ட ஆபீசருக்கு வரணும், அவங்களுக்காகத்தான் இது ரொம்ப அவசியம்.

இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டையும் அப்படியே ஆன்லைன்ல போடுங்க. எல்லா ரூம்லயும் கேமரா வைக்கலாம்னு மட்டும் யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, டயப்பர் மாத்துறதெல்லாம் அந்தக் கட்டில்லதான் நடக்குது.

விழுப்புரத்துலயே முதல்ல ஆரம்பிங்க. இதுக்கான மொபைல் ஆப் தமிழ்ல இருக்கட்டும், அத டிசைன் பண்ணுறப்ப நைட் டியூட்டி பாக்குற ஆயாம்மா ரெண்டு பேர கூப்பிட்டு சாஃப்ட்வேர்காரங்க பக்கத்துல உக்கார வைங்க.