அம்மா என்றால் பாட்டி

கிம்லி, மானிடோபா, கனடா
தை முதல் நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் "சாப்பிட்டியா, ரொம்பக் குளிருதா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. போன வாரம், "ஏரிக்கரை ஊருன்னு சொல்றியே, நம்ம வீராணம் மாதிரியா இருக்கும்?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் டூட்டிக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்கு எனக்கு லீவு. காலையில் குக்கரில் பொங்கல் வைத்து, கரும்புக்குப் பதிலாக நாட்டுச்சர்க்கரையை முன்னால் வைத்துக் கும்பிட்டேன். இனி சாயங்காலம் வரை வேலை இல்லை. சாவகாசமாக எழுதுகிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் பேரப்பிள்ளைகள் பாட்டியை "அம்மா" என்று கூப்பிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். மஞ்சள் முடியோடு ஒரு சின்னப் பையன் கதவைத் தள்ளிக்கொண்டு "அம்மா!" என்று ஓடி வந்து அவர் மடியில் விழுந்தான். என் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. நாட்டைவிட்டு வந்த பிறகு, என் மகளைத் தவிர வேறொரு குழந்தை அந்தச் சொல்லைக் கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான். ஐஸ்லாந்து மொழியில் அம்மா என்றால் பாட்டியாம். அந்த மொழியையே மறந்துபோன குடும்பங்களில்கூட அந்த ஒரு சொல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. அன்று ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி ஏரி. நம் வீராணத்துக்கு நீளம் பதினாலு கிலோமீட்டர். கரைமேல் பஸ்ஸில் போனாலே முடியாமல் நீள்கிறதே என்று சின்ன வயதில் நினைப்பேன். இந்த வின்னிபெக் ஏரி 400 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பரப்பு 24,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். நம் கடலூர் மாவட்டத்தைப் போல ஆறு மடங்கு உள்ளே போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். கிம்லி மேற்குக் கரையில் இருக்கிறது, எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. நம் ஏரி சோழர் காலத்தில் மனிதர் வெட்டியது, கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்தால்தான் நிரம்பும். இதை யாரும் வெட்டவில்லை. பனியுகத்தின் முடிவில் உருகிய பனி இதைவிடப் பல மடங்கு பெரிய ஏரியாக நின்று, பிறகு வடிந்துபோனதில் மிஞ்சிய தண்ணீர் இது. வின்னிபெக் என்ற பெயரே இங்குள்ள க்ரீ என்னும் பூர்வகுடி மக்களின் மொழியில் கலங்கல் தண்ணீர் என்று பொருள்படுவது. இவ்வளவு பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் 12 மீட்டர்தான். ஆழம் குறைவு என்பதால் காற்று அடித்தால் சட்டென்று அலை எழும்பிவிடும். வடக்குக் காற்று விடாமல் அடித்தால் தண்ணீரைத் தெற்கே தள்ளிக்கொண்டு வந்து கரையேற்றிவிடும். அப்பா இதைக் கேட்டால், மதகும் கலிங்கும் இல்லாத ஏரியை எப்படி நம்புவது என்பார்.

இப்போது அது முழுக்க உறைந்து கிடக்கிறது. நேற்று மைனஸ் 31. ஐஸ் மேல் லாரி போகிறது அம்மா, பயப்படாதே, ஒரு மீட்டர் கனம் இருக்கும். அந்த ஐஸுக்குக் கீழே வலை போடுகிறார்கள். எப்படி என்று எனக்கும் விளங்காமல் இருந்தது. எங்கள் இல்லத்தில் சமைப்பவரின் அண்ணன் மீனவர், ஒருநாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஐஸில் ஒரு ஓட்டை போட்டு, ஜிக்கர் என்கிற நீளமான பலகையை உள்ளே விடுகிறார்கள். மரம் மிதக்கும் அல்லவா, அது மேலே வந்து ஐஸின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதில் ஒரு இரும்புக் கை இருக்கிறது. கயிற்றைச் சுண்டி இழுத்தால் அந்தக் கை ஐஸை உதைத்துப் பலகையை ஓரடி முன்னே தள்ளும். இழுக்க இழுக்கப் பலகை ஐஸுக்கு அடியில் கயிற்றோடு நடந்து போகிறது. இன்னொருவர் மேலே டக் டக் என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கூடப் போகிறார். வேண்டிய தூரம் போனதும் அங்கே ஒரு ஓட்டை, அதன் வழியாகக் கயிற்றை எடுத்து, கயிற்றோடு வலையை இழுத்துக்கொள்கிறார்கள். இதை இந்தப் பக்கத்து ஏரி மீனவர்களே கண்டுபிடித்தார்களாம். அவர் கொடுத்த பிக்கரல் மீனில் புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். முள் குறைவு, சதை வெள்ளை. உன் கை மணம் வரவில்லை, ஆனாலும் இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன்.

இந்த ஊர் உண்டான கதையை எங்கள் இல்லத்தில் இருக்கும் என் பாட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தான் கேட்டேன். ஐஸ்லாந்தில் பஞ்சம், குளிர். போதாததற்கு 1875இல் அஸ்க்யா என்ற எரிமலை வெடித்துப் புல்வெளியெல்லாம் சாம்பல். அதற்கு முன்பே கிளம்பி வந்து ஒன்டாரியோவில் சரியாக அமையாமல் தவித்தவர்கள்தான் பெரும்பாலும், முந்நூறு பேருக்குள் ஒரு கூட்டமாக முதலில் படகுகளில் இந்த ஏரிக்கு வந்தார்கள். 1875 அக்டோபர் 21. இன்னும் வடக்கே போவதுதான் திட்டம். வானிலை கெட்டு, ஏரி உறையப்போகிற நேரமாகிவிட்டதால் இங்கே வில்லோ பாயின்ட் மணலில் இறங்கிவிட்டார்கள். வீடு இல்லை, மாடு இல்லை, கையில் ஒன்றும் இல்லை. மீனவர்கள்தான், ஆனால் ஐஸுக்குக் கீழே மீன் பிடிக்கத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்குத் தங்கள் புராணத்திலிருந்து பெயர் எடுத்து வைத்தார்கள். உலகம் எரிந்து அழிந்த பிறகு நல்லவர்கள் போய் வாழும் மண்டபத்துக்குப் பெயர் கிம்லி.

மறு வருஷம் இன்னும் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். கூடவே பெரியம்மையும் வந்தது. நூறு பேர் அளவுக்குச் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 1877 ஜூலை வரை யாரும் வெளியே போக முடியாதபடி காவல். அந்த வருஷமே, காவல் நீங்கிச் சில மாதம்கூட ஆகாமல், தங்கள் மொழியில் பத்திரிகை ஆரம்பித்திருக்கிறார்கள். பெயர் 'ஃப்ராம்ஃபாரி', முன்னேற்றம் என்று அர்த்தம். பிள்ளைகளைப் புதைத்த கையோடு அச்சுக் கோத்திருக்கிறார்கள். என் மகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கச் சலித்துக்கொள்ளும் நாட்களில் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் அந்த நிலம் காலியாகக் கிடக்கவில்லை அம்மா. வடக்கே சாண்டி பார் என்ற இடத்தில் முன்பிருந்தே பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள். அவர்களைக் கேட்காமலே அரசாங்கம் அதையும் சேர்த்து வந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அவர்களில் ஜான் ராம்சே என்பவர், இது எங்கள் இடம் என்று முறையிட்டவர். அதே மனிதர்தான் பசித்துக் கிடந்தவர்களுக்கு வேட்டையாடிய இறைச்சி கொண்டுவந்து கொடுத்து, இந்தக் காட்டில் பிழைக்கவும் கற்றுத் தந்தார். அம்மை அவர்கள் ஊரையும் அழித்தது, எஞ்சிய வீடுகளை அதிகாரிகள் கொளுத்திவிட்டார்கள். அவருடைய மனைவி பெட்சி அம்மையில் போனார். ராம்சே தன் பணத்தில் வெள்ளைச் சலவைக்கல் வாங்கி, வெகுதூரத்திலிருந்து கொண்டுவந்து அவள் கல்லறையில் நட்டார். பல வருஷம் கழித்து, ஒரு ஐஸ்லாந்துத் தச்சரின் கனவில் ராம்சே வந்து, கல்லறை வேலி விழுந்துவிட்டது, சரிசெய்து கொடு என்று கேட்டதாகவும், அவர் போய் வேலி கட்டிக் கொடுத்ததாகவும் இங்கே சொல்கிறார்கள்.

போன செப்டம்பரில் ரிவர்ட்டன் பக்கம் போய் அந்தக் கல்லைப் பார்த்தேன். வெள்ளை வேலிக்குள் நிற்கிறது. பூ கொண்டுபோயிருந்தேன், வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நானும் இவர்கள் நிலத்துக்கு வந்தவள்தானே.

இப்போது ஊரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். உக்ரைன்காரர்கள், போலந்துக்காரர்கள், எங்களைப் போலப் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் இருக்கிறோம். 1899இல் தொடங்கிய ஒரு பலசரக்குக் கடை இன்னும் நடக்கிறது, மரத்தரை நடந்தால் முனகும். ஆகஸ்டில் ஐஸ்லாந்துத் திருவிழா. 1890இல் வின்னிபெக் நகரத்தில் தொடங்கி 1932 முதல் இங்கே நடக்கிறது. அப்போது ஊர் கொள்ளாத கூட்டம். கோடையில் துறைமுகத்தில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். வேடந்தாங்கலில் நீ காட்டினாயே, அதே நடை, அதே அலகுப் பை. ஏரிக்கும் நோவு உண்டு. வயல் உரமெல்லாம் வடிந்து வந்து ஆகஸ்டில் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. அதைப் பற்றிப் பேசும்போது மீனவர்கள் முகம் வாடிவிடும்.

தம்பிக்கு இதைச் சொல். 1983இல் நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோன போயிங் 767 ஒன்று எஞ்சின் இல்லாமல் மிதந்து வந்து இந்த ஊரின் பழைய விமானத்தளத்தில் இறங்கியது. 69 பேரும் பிழைத்தார்கள். கிலோ கணக்கையும் பவுண்டு கணக்கையும் குழப்பியதால் வந்த வினை.

கடைசியாக ஒரு உதவி. என் பாட்டிகளில் ஒருவருக்கு மார்ச்சில் தொண்ணூறு நிறைகிறது. இவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வீனார்டெர்ட்டா என்று ஒரு கேக் உண்டு. ஏழு அடுக்கு, நடுநடுவே உலர்ந்த பிளம்ஸ் பழ விழுது. அந்த விழுதில் போடுவது ஏலக்காய்! முதல் தடவை ஒரு துண்டு வாயில் போட்டதும் நம் வீட்டுப் பாயசம் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. இங்கே கிடைக்கும் தூளில் மணமே இல்லை என்று அந்தப் பாட்டி குறைப்படுகிறார். காட்டுமன்னார்கோயில் போகும்போது நல்ல பச்சை ஏலக்காயாக, பெரிய காயாகப் பார்த்து 100 கிராம் வாங்கி, பிரித்துத் தூளாக்காமல் அப்படியே அனுப்பு. மார்ச் முதல் வாரத்துக்குள் வந்து சேர வேண்டும்.

அப்பாவின் முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவுகிறாயா? கொல்லை முருங்கை காய்த்ததா? எழுது.

உன் அன்பு மகள்