செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல நடைபெற்றன; வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டு செயற்குழு பெரிதும் விவாதித்தது நாம் உருவாக்கும் வீடியோ கேம்களை எந்த வயதினர் ஆடலாம் எனக் குறிக்கும் வயது வகைப்பாட்டைத்தான் என்பதால் இவ்வறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது.

திரைப்படங்களுக்குத் தணிக்கை வாரியம் இருப்பதுபோல் வீடியோ கேம்களுக்கு நம் நாட்டில் சட்டபூர்வமான வயது வகைப்பாட்டு அமைப்பு இல்லை. கூகுள் பிளேயில் வெளியிடுவோர் ஐஏஆர்சி எனும் பன்னாட்டு வயது வகைப்பாட்டுக் கூட்டமைப்பின், விளையாட்டின் உள்ளடக்கம் குறித்த கேள்வித்தாளைக் கட்டணமின்றி நிரப்புகிறார்கள். அந்தப் பதில்களைக் கொண்டே அமெரிக்காவுக்கு ஈஎஸ்ஆர்பி, ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு பெகி, ஜெர்மனிக்கு யூஎஸ்கே என அந்தந்த நாட்டு அளவுகோலின்படி வயது நிர்ணயமாகிறது. செலவில்லாத வேலை என்பதாலேயே பலர் இதை வெளியீட்டுக்கு முந்தைய இரவில் அவசரமாக முடிக்கிறார்கள்.

நம் உறுப்பினர் ஒருவர் உருவாக்கிய கிராமத் திருவிழா விளையாட்டில், நாணயத்தைப் பந்தயம் வைத்துத் தாயம் உருட்டும் சிறு கட்டம் ஒன்று இருந்தது. அதில் உண்மைப் பணம் கிடையாது. ஆயினும் சூதாட்டத்தைப் போன்ற ஆட்டம் உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்பதே நேர்மையான பதில். அத்தகைய விளையாட்டுகளை ஆஸ்திரேலியா 2024 செப்டம்பர் 22 முதல் 18 வயது நிரம்பியோருக்கு மட்டும் என வரையறுத்துள்ளது. பெகியும் 2020 முதல் அவ்வாறே கடுமை காட்டுகிறது. சிட்னியிலும் பாரிசிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கென உருவான விளையாட்டு அவர்களுக்கே எட்டாமல் போக இருந்தது. பந்தயத்தை நீக்கி, தாயம் விழுந்தால் காய் இறங்கும் நம் வீட்டுத் திண்ணை ஆட்டமாகவே அவர் அதை மாற்றினார். மாற்றிய வடிவமே மேலானது என்பது என் தனிப்பட்ட கருத்து.

ஆப்பிள் 13, 16, 18 என்ற புதிய வயது நிலைகளைக் கொண்டுவந்து, புதிய கேள்விகளுக்கு 2026 ஜனவரி 31க்குள் பதில் கோரியது. வகைப்பாடு பெறாத விளையாட்டுகளைக் கணினி விளையாட்டு விற்பனைத் தளமான ஸ்டீம் 2024 நவம்பர் முதல் ஜெர்மனியில் காட்டுவதில்லை. பழைய விளையாட்டுகளை வைத்திருப்போர் இவ்விரண்டையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மற்றொன்றும் கவனத்திற்குரியது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே இணையக் கடையில் விளையாட்டின் பக்கத்தில் '12+' என்றிருப்பது, பதினைந்து வயதுச் சிறுவனின் தரவைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டுவதற்கான அனுமதி ஆகாது. விளம்பர வருவாயை நம்பியிருக்கும் இருவர், மூவர் கொண்ட சிறு குழுக்களுக்கு, வகைப்பாட்டைவிட இதுவே பெருஞ்சுமையாக இருக்கும் எனச் செயற்குழு கருதுகிறது.

எனவே, ஒவ்வொரு விளையாட்டின் கேள்வித்தாளையும் வெளியீட்டுக்கு முன் மற்றோர் உறுப்பினர் படித்துப் பார்க்கும் நடைமுறையை வரும் ஆண்டு முதல் மேற்கொள்ளும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்