முதலாளி வீட்டு மாடி

அம்மிணி,

முதலாளி வீட்டு மாடியில் தங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னேனே, அப்படி ஒரு மாடியே கிடையாது. கொழிஞ்சாம்பாறைக் கடையை மூடி, தையல் மெஷினை விற்று வாடகை பாக்கியைக் கட்டிய பிறகு, பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டில்தான் படுத்திருந்தேன். 41 ராத்திரி. மார்கழிக் காற்று உனக்குத் தெரியுமே, கணவாய் வழியாக வந்து போர்வையைப் பிடுங்கும். பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைச் சுற்றிக்கொள்வேன். அதில் யாரோ ஒரு கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திருப்பூருக்கு வந்திருக்கலாம். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டார். பெண் கொடுத்த வீட்டு வாசலில் பையோடு நிற்க எனக்குத்தான் கால் வரவில்லை.

ஒரு ராத்திரி இரண்டு பேர் எழுப்பி, வீடில்லாதவர்கள் தங்கும் இடத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் பிச்சைக்காரன் இல்லை என்று கத்தினேன். அங்கிருந்த பொறுப்பாளர் அம்மா சிரித்தார். "இது தர்மம் இல்லை சேட்டா. இப்படி இடம் வேண்டும், ராத்திரி பகல் திறந்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2010இல் சொல்லிவிட்டது. மத்திய அரசுத் திட்டத்தில் ஆளுக்கு 50 சதுர அடி என்று கணக்கும் உண்டு" என்று மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். என் சட்டைப் பையில் டேப் இருந்தது. எல்லாரும் தூங்கியதும் அளந்து பார்த்தேன். நாலு சதுர அடி குறைவு. சொல்லவில்லை.

சும்மா இருக்க முடியாமல் கிழிந்த தலையணை உறைகளை ஊசி நூலால் தைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா அதை ஒரு குடும்பஸ்ரீ தையல் யூனிட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். குடும்பஸ்ரீ என்றால் இங்கே பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், யூனிபார்ம் வெட்ட ஆள் இல்லை. போனேன். பன்னிரண்டு பெண்கள், நடுவில் நான். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்த சான்றை வைத்துத்தான் ஆதாரில் முகவரி மாற்றினேன். இப்போது சந்திரநகரில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். பூட்டு வாங்கிய முதல் நாள் சாவியை நாலைந்து தடவை தடவிப் பார்த்தேன், பைத்தியக்காரன் மாதிரி.

பொய் சொன்னதற்கு நேரில் திட்டிக்கொள். ஓணத்துக்கு எனக்கு லீவு. கோயம்புத்தூரில் பாலக்காடு பஸ் ஏறினால் வாளையாறு தாண்டி வரும், சந்திரநகரில் இறங்கு. அதற்கு முன்னால் பாப்பாவின் அளவை எழுதி அனுப்பு: தோள், மார்பு, இடுப்பு, உயரம். போன தீபாவளி அளவு வேண்டாம், வளர்ந்திருப்பாள்.

அப்பா