83 கிலோமீட்டர்தானே என்று நினைக்கும் பெறாமகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

பெப்ரவரியில் நீ நோர்வேயின் இந்த வடகிழக்கு மூலைக்கு, எங்கள் வார்டோவுக்கு, வருகிறாய் என்றதிலிருந்து சித்திக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆனால், "கிர்க்கனஸிலிருந்து வார்டோ 83 கிலோமீட்டர்தானே சித்தப்பா, பிளேனில் 20 நிமிடம். காலையில் வந்து பின்னேரமே திரும்பிவிடலாம்" என்று எழுதியிருந்தாய். அதை வாசித்த கையோடு இதை எழுதுகிறேன்.

இணையத்தில் நீ பார்த்த 83 சரிதான். ஆனால் அது கடலுக்கு மேலால் போட்ட நேர்கோடு. இடையில் வராங்கர் ஃபியோர்ட், நிலத்துக்குள் நீளமாகப் புகுந்த கடல், கிடக்கிறது. தரையால் வந்தால் அதன் அடிவரை போய்ச் சுற்றவேண்டும். 240 கிலோமீட்டர் அளவில், நல்ல நாளிலேயே மூன்று மணித்தியாலத்துக்கு மேல். வாட்சோவைப் பார், கிர்க்கனஸுக்கு நேர் எதிர்க்கரை. ஆகாயத்தால் 38 கிலோமீட்டர், காரில் 150க்கும் மேல். அதனால்தான் இங்கே பஸ் ஏறுவதுபோலப் பிளேன் ஏறுகிறோம். 39 பேர் இருக்கிற டாஷ் 8, உந்துவிசிறி வைத்தது. வார்டோ ஓடுபாதை 1,100 மீட்டர் அளவுதான், நீ ஒஸ்லோவிலிருந்து வரும் ஜெட் அதில் இறங்காது. சில நாளில் நேரே வரும், சில நாளில் வாட்சோவில் ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு வரும். எல்லாம் காற்றின் கையில்.

உன் அண்ணா பிறந்த கதை உனக்குத் தெரியுமோ தெரியாது. பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரி கிர்க்கனஸில். சித்தி நாலு நாள் முந்தியே போய்விட்டாள். நான் மீன் பக்டரியில் வேலை முடித்து அடுத்த பிளேனில் போவதாக ஏற்பாடு. அன்று பனிப்புயல், பிளேன் எழும்பவில்லை. சிநேகிதன் ஒருவனின் காரில் வெளிக்கிட்டோம். வழியில் தடுப்புப் போட்டிருந்தார்கள். பனி தள்ளும் வண்டி முன்னால் போக, பத்துப் பன்னிரண்டு வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தோம். கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை, முன்னால் போனவனின் சிவப்பு வெளிச்சம் மட்டும். 83 கிலோமீட்டர் அன்று எனக்கு ஏழு மணித்தியாலம். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, குளிப்பாட்டி, துணியில் சுற்றிக் கிடந்தான். அந்த முதல் அழுகையைக் கேட்கவில்லையே என்ற கவலை இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதனால் ஒரே நாளில் வந்து திரும்பும் எண்ணத்தை விடு. மூன்று இரவாவது நில். ஒஸ்லோவுக்குத் திரும்பியதும் மறுநாளே முக்கியமான வேலை எதையும் வைக்காதே.

வரும்போது வானம் வெளித்திருந்தால் வலது பக்கச் சன்னலில் இரு. கடலுக்கு அப்பால் ரஷ்யாவின் ரிபாச்சி தீபகற்பம் தெரியும். பிளேன் இறங்குவது வார்டோத் தீவில் இல்லை, எதிரே ஸ்வார்ட்னஸில். அங்கிருந்து கடலுக்கு அடியால் சுரங்கப்பாதை, கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர், ஆழமான இடத்தில் கடல்மட்டத்துக்கு 88 மீட்டர் கீழே. 1982இல் முடித்தார்கள், நோர்வேயில் கடலுக்கு அடியால் போட்ட முதல் பாதை அதுதான்.

கிர்க்கனஸில் இறங்கியதும் ஒரு போன் போடு. பிளேன் ஓடினால் ஸ்வார்ட்னஸில் நிற்பேன். ஓடாவிட்டால் அங்கேயே சூடாக ஏதாவது குடித்துக்கொண்டு இரு, நான் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா