பொட்டுவின் அரிப்பைப் பற்றி, கயலுக்கு

ஏற்காடு
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் மனசு சரியில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும். அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று பட்டது. பொறுமையாகப் படி கண்ணு.

நீ காலையில் ஆபீஸ் போய் இருட்டின பிறகு வீட்டுக்கு வருகிறாய், அந்த ஏக்கத்தில்தான் உன் பூனை பொட்டு வயிற்றை நக்கி நக்கி மொட்டையாக்கிக்கொண்டது என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்களே, அதை முதலில் மனசிலிருந்து எடுத்துப் போடு. ஏக்கத்தில் பூனை முடியைப் பிடுங்கிக்கொள்வது உண்டுதான், ஆனால் அபூர்வம். 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனக்கோளாறு என்று சந்தேகப்பட்ட 21 பூனைகளை எடுத்து, தோல், ரத்தம், சாப்பாடு என்று எல்லாவற்றையும் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் 16 பூனைகளுக்கு உடம்பில்தான் கோளாறு இருந்தது. மனசு மட்டுமே காரணம் என்று தேறியவை இரண்டே இரண்டு. மீதி மூன்றுக்கு இரண்டும் கலந்திருந்தது. அதனால் பொட்டுவுக்கு உன்மேல் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதற்கு அரிக்கிறது, அவ்வளவுதான். வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டாயே, அந்த யோசனையே வேண்டாம். கொடுத்தால் அரிப்பும் கூடவே போகும்.

நான் வேலை பார்த்த காலத்தில் நாகலூர், வெள்ளக்கடை என்று மலை முழுக்க நடந்து பார்த்ததெல்லாம் மாடும் ஆடும்தான். பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அப்போது குறைவு. ஆனாலும் கால்நடை டாக்டர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அரிப்பு என்பது நோயின் பெயர் இல்லை, அது ஒரு புகார். எங்கிருந்து வருகிறது என்று தேடாமல் வாயை மட்டும் அடைத்தால் மருந்து தீர்ந்ததும் திரும்ப வரும். மாடு கம்பத்தில் போய் உரசும், நாய் எல்லார் முன்னாலும் காலால் சொறியும். பூனை அப்படிக் காட்டிக்கொடுக்காது. நீ தூங்கின பிறகு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்து நக்கும். அதன் நாக்கில் முள் முள்ளாக இருக்கிறது, அதுவே முடியை அறுத்துவிடும். அதனால்தான் பொட்டு சொறிந்து நீ பார்த்ததே இல்லை.

இன்றைக்கே ஒன்று செய். மொட்டையான இடத்தில் விரலை எதிர்ப்பக்கமாக மெதுவாக ஓட்டிப் பார். குட்டை முடி குறுகுறுவென்று குத்தினால் முடி தானாக உதிரவில்லை, நக்கி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் நாலு முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நுனி ஒடிந்திருப்பது பளிச்சென்று தெரியும். அது வாந்தி எடுப்பதில் முடிக்கற்றை இருக்கிறதா என்றும் பார். அடிவயிற்றை மட்டும் விடாமல் நக்கினால் மூத்திரப்பையில் வலி இருந்தாலும் இருக்கலாம். சிறுநீரையும் சோதிக்கச் சொல். அடிக்கடி மண் தொட்டியில் போய் உட்கார்ந்து சிறுநீர் வராமல் முக்கினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடு. ஆண் பூனைக்கு அடைப்பு உயிருக்கே ஆபத்து.

சரி, அரிப்புக்கு வருகிறேன். முதல் சந்தேகம் எப்போதும் தெள்ளுப்பூச்சி மேல்தான். ஏழாவது மாடியில் தெள்ளு எங்கே வரும் என்று நீ கேட்பாய். அந்த வீட்டில் முன்னால் குடியிருந்தவர்கள் நாய் வளர்த்தார்கள் என்று நீதான் சொன்னாய். தெள்ளு முதல்முறை ரத்தம் குடித்து ஒன்றிரண்டு நாளில் முட்டை போட ஆரம்பிக்கும், நாளுக்கு நாற்பது ஐம்பது வரைக்கும்கூடப் போடும். அந்த முட்டை பூனைமேல் ஒட்டிக்கொண்டு இருக்காது, உருண்டு தரையில் விழும். சோபா இடுக்கு, கால்மிதி, கட்டிலுக்கு அடியில் உள்ள தூசி, இங்கேதான் புழு வளரும். கூட்டுக்குள் போய்விட்டால் பல மாதம் அப்படியே கிடக்கும். ஆள் நடமாடுகிற அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால் வெளியே குதிக்கும். நீ பூனைமேல் பார்க்கிறது நூற்றில் ஐந்து பங்குதான், மீதியெல்லாம் வீட்டில் கிடக்கிறது.

போன வாரம் நம் வெள்ளையன் வாலடியைக் கடித்துக்கொண்டே இருந்தான். அம்மா அவனைத் திண்ணையில் பிடித்துக்கொண்டாள், நான் பேன் சீப்பால் இடுப்பிலிருந்து வால்வரைக்கும் இழுத்தேன். ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படவில்லை. சீப்பில் கருப்பாகத் துகள்கள் மட்டும் வந்தன. பார்த்தால் மண் என்றுதான் தோன்றும். அதை வெள்ளைக் காகிதத்தில் தட்டி, மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வளையம் ஊறிப் பரவியது. மண்ணாக இருந்தால் அப்படி நிறம் விடாது. அது தெள்ளு குடித்து வெளியேற்றின ரத்தம். காப்பிச் சாக்கு அடுக்குகிற அறையில்தான் அவன் தூங்குவான், அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது. எல்லாச் சாக்கையும் வெயில் அடித்த அன்று வெளியே போட்டுத் தட்டி, அறையைக் கழுவிவிட்டோம்.

பொட்டுவுக்கும் இதே மாதிரி செய்து பார். துகள் கிடைக்காவிட்டாலும் தெள்ளு இல்லை என்று முடிவு கட்டாதே. ஓயாமல் நக்குகிற பூனை தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடும். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு இரண்டு கடி போதும், நாள்கணக்கில் அரிக்கும். முதுகின் கடைசி, வாலடி, உள்தொடை, வயிறு, கழுத்து, இந்த இடங்களைத் தடவினால் பொடிப்பொடியாகப் பொருக்கு தட்டுப்படும். வயிற்றில் சிவந்து தடித்து ஈரமாக ஏதாவது இருந்தால் அதையும் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டு. ஆசனவாய்க்குப் பக்கத்தில் சின்ன வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. அதைக் கொண்டுவருவதும் தெள்ளுதான், அதற்குத் தனி மருந்து உண்டு.

மருந்து என்றால் பூனைக்கென்றே வருகிற சொட்டு மருந்து. பிடரியில் முடியை விலக்கி, நாக்கு எட்டாத இடத்தில் தோல்மேல் விட வேண்டும். செலமெக்டின், ஃபிப்ரோனில் மாதிரி எது என்பதை எடை பார்த்து டாக்டர் சொல்வார். ஒரு மாதம் போட்டுவிட்டு நிறுத்தக்கூடாது. கூட்டில் கிடப்பது வெளியே வந்துகொண்டே இருக்கும், அதனால் மூன்று மாதமாவது விடாமல் போட வேண்டும். படுக்கைத் துணியை வாராவாரம் வெந்நீரில் அலசு, சோபா இடுக்கில் வாக்குவம் போடு.

இனி சொல்வதை இரண்டு முறை படி. நாய்க்கு உள்ள சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, பாதி அளவுகூடக் கூடாது. அதில் பல மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். பூனையின் கல்லீரலுக்குச் சில நஞ்சுகளை உடைத்து வெளியேற்றுகிற வசதி மிகக் குறைவு. நாய்க்கு ஒன்றும் செய்யாதது பூனையைக் கொன்றுவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு வீட்டில் மிச்சமிருந்த நாய் மருந்தைப் பூனைக்கு விட்டுவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டபோது அதன் காதும் முகத்துத் தோலும் துடித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் நாலு காலும் விறைத்து இழுப்பு வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்து மருந்துப் பசை போகக் கழுவி, துண்டில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டது. எல்லாப் பூனையும் பிழைப்பதில்லை கண்ணு.

நம் வீட்டு வைத்தியமும் வேண்டாம். வேப்பெண்ணெய், கற்பூரம், டெட்டால், டீ ட்ரீ எண்ணெய், மனிதர்களின் சிரங்குக்குத் தடவுகிற பென்சைல் பென்சோயேட், எதுவும் கூடாது. தோலில் தடவுவது எல்லாம் நக்கும்போது வயிற்றுக்குள்தான் போகும். அப்புறம் அலர்ஜிக்கு என்று நீ சாப்பிடுகிற மாத்திரையை உடைத்துக் கொடுக்காதே. சளி மாத்திரைகளில் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதில் ஒரு துண்டே பூனைக்கு எமன்.

காதையும் பார்த்துவிடு. உள்ளே காப்பித் தூள் மாதிரி கருப்பாக உதிர்ந்து கிடந்தால் அது காதில் குடியிருக்கிற பூச்சி. தலையை உதறும், காதுக்குப் பின்னால் நகத்தால் கிழித்துக்கொள்ளும். குச்சி விட்டுக் குடையாதே. முகம், காது ஓரம் எல்லாம் தடித்து ஓடு கட்டினால் சொறி, தோலைச் சுரண்டிப் பார்த்துச் சொல்வார்கள். வட்டமாக முடி கொட்டிச் செதில் உதிர்ந்தால் படர்தாமரை. அதில் அரிப்பு பெரிதாக இருக்காது, ஆனால் உனக்கும் ஒட்டும். உன் கையில் வட்டமாக ஏதாவது சிவந்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், அவசரப்படாதே.

பூச்சி, பூஞ்சை எல்லாம் இல்லை என்று ஆன பிறகும் நக்கினால்தான் சாப்பாட்டைச் சந்தேகப்பட வேண்டும். இதற்கு ரத்தப் பரிசோதனை என்று யாராவது சொன்னால் பணத்தை வீணாக்காதே, அதை நம்ப முடியாது. சோதனை என்பது சாப்பாடுதான். பொட்டு இதுவரைக்கும் தின்றே இராத ஒரு கறியை வைத்துச் செய்த உணவோ, புரதத்தை நுணுக்கி உடைத்துத் தயாரிக்கிற டாக்டர் உணவோ, எட்டு வாரம் அது மட்டும்தான். நடுவில் ஒரு துண்டு மீன் போனாலும் கணக்கு கெட்டுப்போகும். தெள்ளு மருந்தையும் அந்த எட்டு வாரம் நிறுத்தக்கூடாது. அரிப்பு குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பி வரும், அப்போதுதான் உறுதி. மீன், மாட்டிறைச்சி, கோழி, இவைதான் பூனைக்கு அதிகமாக ஒத்துக்கொள்ளாதவை. அதற்காகத் தயிர்சாதத்துக்கு மாற்றிவிடாதே. டாரின் என்கிற சத்து அதற்குக் கறியிலிருந்துதான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் தூசி, மகரந்தம் மாதிரி காற்றில் இருப்பவற்றுக்கு ஒவ்வாமை. அது முழுசாகப் போகாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் என்று மருந்துகள் இருக்கின்றன. ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதே, புண்ணாகித் துடிக்கிற பூனைக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் காரணம் தேடாமல் மாதாமாதம் நாள்பட நிற்கிற ஊசியை மட்டும் போட்டுக்கொண்டே போனால் சர்க்கரை நோய் வரலாம். ‘எதற்காக இந்த ஊசி, எத்தனை நாளைக்கு, அடுத்து என்ன பார்க்கப் போகிறோம்’ என்று தைரியமாகக் கேள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாங்கள் நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்த மாடுகளோடு போனவர்களில் நன்றாக விவரம் சொன்னவர்களின் மாடுதான் சீக்கிரம் தேறித் திரும்பும். நீயும் எப்போது ஆரம்பித்தது, எந்த இடத்தில் முதலில், என்ன சாப்பிடுகிறது, என்ன மருந்து போட்டாய், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோ.

நக்கிப் புண்ணாகாமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டச் சொல்வார்கள். இரண்டு நாள் முரண்டு பிடிக்கும், பாவம் பார்த்துக் கழற்றிவிடாதே. சாப்பிடும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கழற்றிவிடு.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டது, அடுத்த மாதம் பறிப்பு. அம்மா உனக்குக் காப்பித் தூளும் மிளகும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். பொட்டுவுக்கு என்று எப்போதும் வைக்கிற நெத்திலிக் கருவாட்டை இந்த முறை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். டாக்டர் சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்கிறார் என்று தெரிந்த பிறகு அனுப்புகிறோம். சனிக்கிழமை காட்டிவிட்டு வந்ததும் எடை எவ்வளவு, என்ன மருந்து எழுதினார் என்று எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. மருந்துச் சீட்டில் ஏதாவது புரியாவிட்டால் போடுவதற்கு முன்னால் கூப்பிடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை. நீயும் ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா