42-இல் 17 போனால் 35

தோவாளை

மக்களே,

ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிற வேலை உனக்கு வந்திருக்கு என்று சொன்னாய் அல்லவா, போனில் சொல்லித் தீராத சிலதை எழுதுகிறேன்.

42-இல் 17-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதும். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிடாதே. பெரிய இலக்கத்தில் சின்னதைக் கழிக்கணும் என்று ஒரு விதியை அது ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறது: 7-இல் 2 போனால் 5, 4-இல் 1 போனால் 3. அதனிடமே 302-இல் 178 கொடு. 276 வந்தால் விதி உறுதி. "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேள். சரியாகப் போட்டவர்களிடமும் கேட்கணும். இல்லையென்றால் நீ கேட்டதுமே தப்பு என்று புரிந்து அழித்துவிடுவார்கள்.

கணக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கு. 47-இல் 12 என்று கொடுத்தால் அந்தத் தப்பு விதிக்கும் சரியான விடையே வரும், உனக்கு ஒன்றும் தெரியாது. தசமத்திலும் அப்படித்தான். 0.62, 0.5 எது பெரிது என்றால் 'இலக்கம் கூடினால் எண் பெரிது' என்று நினைக்கிற பிள்ளையும் தப்பித்துவிடும். 0.35, 0.5 கேட்டால் மாட்டிக்கொள்ளும். திருத்துவதற்கு நம்ம பூச்சந்தை எலக்ட்ரானிக் தராசு போதும், 0.350, 0.500 என்று காட்டுமே. இங்கே தராசில் பிச்சிப்பூ என்றால் நீ இருக்கிற பாலக்கோட்டில் தக்காளி. ஆனால் 'பூச்சியம் புள்ளி முப்பத்தைந்து' என்று வாசிக்க விடாதே. 'மூன்று ஐந்து' என்று தனித்தனியாக வாசிக்கணும். இல்லையென்றால் பழைய குழப்பம் திரும்பி வரும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்கவே கேட்காதே. "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாக வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேள்வியை முதலில் சொல்லு, பிறகு பேரைக் கூப்பிடு. பேரை முதலில் சொன்னால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓய்வெடுப்பார்கள். நடுவில் குறைந்தது 3 வினாடி வாயைத் திறக்காதே. ஆசிரியர்கள் பெரும்பாலும் 1 வினாடிதான் பொறுக்கிறார்கள், 3 வினாடி பொறுத்தால் பதில்கள் நீளுகின்றன என்று மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே எழுதிவிட்டார். அந்த 3 வினாடி உனக்குத்தான் யுகமாகத் தெரியும்.

அடி, திட்டு பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவிலேயே தடுத்திருக்கு. தவிர, பயந்த பிள்ளை தப்பை மறைக்கும். தப்பு தெரியாமல் நீ எதைத் திருத்துவாய்? இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒட்டுகிற தெர்மகோல் சார்ட்டில் நேரத்தைச் செலவழிக்காதே.

மணியடிக்க 5 நிமிஷம் இருக்கும்போது அரைத்தாளில் ஒரே ஒரு கணக்கு. சரி, விதி தப்பு, கைத்தவறு என்று மூன்று கட்டாகப் பிரி. மார்க் போடாதே. நடுக்கட்டுத்தான் மறுநாள் பாடத்தின் தொடக்கம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் விடையைத் தூக்கிக் காட்ட சிலேட்டு வேணும். கிடைக்காவிட்டால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளைத்தாள் வைத்து, ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதித் துணியால் துடைக்கலாம். பெர்மனன்ட் மார்க்கர் வாங்கிவிடாதே, அது துணிக்குப் போகாது. உறை அங்கே கிடைக்கவில்லை என்றால் சொல்லு, நாகர்கோவிலில் வாங்கிப் பார்சல் போடுகிறேன்.

அம்மா